கொடுத்த காரியத்துக்கு மட்டும்

கேள்வி:

வழக்கறிஞர் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் தக்கலைப் பக்கம். வீட்டுக்காரர் குவைத்தில் வேலை பார்க்கிறார். மகள் இந்த வருஷம் பிளஸ் டூ எழுதினாள். பதினெட்டு ஆக இன்னும் நாலு மாதம் இருக்கிறது. ரிசல்ட் வந்த அன்று மத்தியானத்திலிருந்து போன் ஓயவில்லை. நர்சிங், இன்ஜினியரிங், பாராமெடிக்கல் என்று தினமும் பத்துப் பன்னிரண்டு பேர். மகள் பெயர், மார்க், என் பெயர் எல்லாம் சரியாகச் சொல்கிறார்கள். ஒருவன், "சார் குவைத்லதானே இருக்காங்க, பீஸ் கட்டக் கஷ்டம் இருக்காதே" என்றான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. போன மாதம் கொழுந்தன் ஏதோ ஆப்பில் வாங்கிய கடனுக்குத் தவணை தள்ளிப்போனது என்று எனக்குப் போன் போட்டுக் கண்டபடி பேசினார்கள். வீட்டில் சொன்னால், "நாம என்ன தப்பா செய்தோம், மறைக்க என்ன இருக்கு, விடு" என்கிறார்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று கேள்விப்பட்டேன். அது எங்களுக்கும் உண்டா, இல்லை பணக்காரர்கள் பேசிக்கொள்வதா? ஆதார் நகலை ஊரெல்லாம் கொடுத்து வைத்திருக்கிறேன். இனி என்ன செய்யலாம்? பெயர் போட வேண்டாம்.

— ஒரு வாசகி, தக்கலை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்குத் தூக்கம் வராததில் நியாயம் இருக்கிறது. "சார் குவைத்தில்தானே" என்ற அந்த ஒரு வரியில் மூன்று செய்திகள் அடங்கியிருக்கின்றன. வீட்டில் ஆண் துணை இல்லை, மாதாமாதம் பணம் வருகிறது, பதினேழு வயதுப் பெண்பிள்ளை இருக்கிறாள். கல்லூரி ஏஜெண்டுக்கு அது கமிஷன் கணக்கு. அதே பட்டியல் மோசடிக்காரன் கைக்குப் போனால், "உங்கள் வீட்டுக்காரரை அங்கே போலீஸ் பிடித்துவிட்டது, உடனே பணம் அனுப்புங்கள்" என்ற அழைப்பாக மாறும். வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளைக் குறிவைத்து இப்படிப்பட்ட அழைப்புகள் வருகின்றன. அழைப்பவன் பெயரும் ஊரும் சரியாகச் சொல்வதால்தான் ஆட்கள் நம்பிவிடுகிறார்கள். அப்படி ஓர் அழைப்பு வந்தால் போனை வைத்துவிட்டு வீட்டுக்காரரின் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். எந்தக் காவல்துறையும் வீடியோ அழைப்பில் யாரையும் கைது செய்வதில்லை. 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று சட்டத்தில் கிடையாது.

உரிமை உங்களுக்கு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள்ளேயே தனியுரிமையும் இருக்கிறது என்றார்கள். வழக்குப் போட்டவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. அந்த வழக்கிலும் உங்கள் வீட்டில் எழுந்த அதே பேச்சு எழுந்தது. ஏழைக்குச் சோறும் வீடும்தான் பெரிது, தனியுரிமை வசதி உள்ளவர்களின் கவலை என்று அரசுத் தரப்பில் வாதிட்டார்கள். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வசதி உள்ளவர் வழக்கறிஞர் வைத்துத் தப்பித்துக்கொள்வார். ரேஷனுக்கும் கடனுக்கும் உதவித்தொகைக்கும் வரிசையில் நின்று கேட்ட தாளையெல்லாம் நீட்டுகிறவர்களுக்குத்தான் இந்த உரிமை அதிகம் தேவை. இதற்கு முன்பே, 1994-இல், தமிழ்நாட்டிலிருந்து போன நக்கீரன் ராஜகோபால் வழக்கில், ஒரு மனிதருக்குத் தம் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, கல்வி ஆகியவற்றைத் தம்மளவில் காத்துக்கொள்ள உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உலக அளவில் 1948-ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தில் 12-ஆவது பிரிவு இதைத்தான் பேசுகிறது.

"மறைக்க என்ன இருக்கு?" என்பதற்கு நம் மாவட்டத்து வரலாறே பதில் சொல்லும். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்களும் ஒடுக்கப்பட்ட வேறு சாதிப் பெண்களும் மேலாடை போட்டால் அடித்துக் கிழித்த காலம் ஒன்று இருந்தது. பல பத்தாண்டுகள் நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859-இல்தான் அரசு இறங்கிவந்து அறிவிப்பு வெளியிட்டது. தோளில் சீலை கேட்ட அந்தப் பெண்கள் எந்தத் தப்பையும் மறைக்கவில்லை. என் உடம்பில் எதை, யார் முன்னால், எப்போது காட்டுவது என்று தீர்மானிக்கிறவள் நான் என்றார்கள். இன்று உடம்பின் இடத்தில் பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், விரல் ரேகை, வீட்டுக்காரர் வேலை பார்க்கும் ஊர் என்று வந்து நிற்கின்றன. கேள்வி மாறவில்லை. ஒரு தகவலை ஒரு காரியத்துக்காகக் கொடுத்தால் அது அந்தக் காரியத்துக்கு மட்டும். மற்றெதற்கும் மறுபடி என்னைக் கேட்க வேண்டும். தனியுரிமை என்பதன் சாரம் இவ்வளவுதான்.

இனி உங்கள் காரியத்துக்கு வருவோம்.

மகளின் மதிப்பெண் எப்படி வெளியே போனது? பிளஸ் டூ முடிவைப் பார்க்கத் தேர்வெண்ணும் பிறந்த தேதியும் போதும். ஒரு பள்ளியின் தேர்வெண்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களாக இருக்கும். பிறந்த தேதியோடு கூடிய மாணவர் பட்டியல் ஒன்று கையில் இருந்தால், ஒருவர் உட்கார்ந்து ஒரு மதியத்தில் ஒரு பள்ளியின் மதிப்பெண்கள் முழுவதையும் எடுத்துவிடலாம். ஆகவே மதிப்பெண் கசிந்தது என்றால் முதலில் கசிந்தது பட்டியல். அது பள்ளியிலிருந்து போயிருக்கலாம். டியூஷன் சென்டர், ரிசல்ட் பார்த்த கம்ப்யூட்டர் சென்டர், பரிசு தருவதாகச் சொல்லிப் படிவம் நிரப்பச் சொன்ன கல்விக் கண்காட்சி ஆகியவையும் வழிதான். 'தந்தையின் தொழில், பணியிடம்' என்று கட்டம் போட்ட படிவம் எங்கே நிரப்பினோம் என்று மகளோடு உட்கார்ந்து நினைவுபடுத்திப் பாருங்கள். குவைத் அங்கிருந்துதான் போயிருக்க வாய்ப்பு அதிகம். இன்னொரு வழியும் உண்டு. அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலிகளில் சில, பயனாளியின் தொடர்புப் பட்டியலை அப்படியே எடுத்துச் சேர்த்துவைக்கின்றன. உறவுக்காரர் ஒருவர் உங்கள் எண்ணைக் 'குவைத் அண்ணன் வீடு' என்று சேமித்திருந்தால், அந்தப் பெயரே முன்பின் தெரியாதவன் திரையில் ஒளிரும். உங்கள் பக்கம் எந்தத் தவறும் இல்லாமலே இது நடக்கும்.

பள்ளியை இப்போதே குற்றவாளி ஆக்க வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் "எங்களுக்குத் தெரியாதும்மா" என்பதோடு முடிந்துவிடும். தலைமை ஆசிரியருக்கு, முதன்மைக் கல்வி அலுவலருக்கு நகல் என்று போட்டு, இப்படி எழுதலாம்:

"என் மகள் (பெயர், வகுப்பு) தொடர்பாகப் பள்ளியில் என்னென்ன தனிப்பட்ட விவரங்கள் உள்ளன? அவற்றைப் பள்ளிக்கு வெளியே எந்தக் கல்லூரி, நிறுவனம் அல்லது தனி நபருக்குக் கொடுத்திருக்கிறீர்கள், எந்தத் தேதியில், எதற்காக? தேர்வுத் துறைக்கும் கல்வித் துறைக்கும் தவிர வேறு எவருக்கும் என் மகளின் விவரங்களையோ எங்கள் தொலைபேசி எண்ணையோ கொடுக்க நான் சம்மதிக்கவில்லை. இதற்கு முன் சம்மதம் எதுவும் வாங்கியிருந்தால் அதைத் திரும்பப் பெறுகிறேன். பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்."

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். முத்திரை போட மறுத்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அரசுப் பள்ளியாகவோ அரசு உதவி பெறும் பள்ளியாகவோ இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். 'தனிப்பட்ட தகவல், தர முடியாது' என்று சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். நீங்கள் கேட்பது உங்கள் பிள்ளையின் தகவல், அடுத்தவருடையது இல்லை என்பதை மனுவிலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

அழைக்கிறவர்களிடமும் கேள்வி கேளுங்கள். "என் எண் உங்களுக்கு யார் கொடுத்தது?" என்ற ஒரே கேள்வி. பத்துப் பேரில் ஓரிருவராவது இன்ன இடத்துப் பட்டியல் என்று உளறிவிடுவார்கள். எண், தேதி, நேரம், நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பிறகு உங்கள் எண்ணிலிருந்து 1909-க்கு, ஆங்கில எழுத்தில் ஸ்டார்ட் என்று தட்டி, இடம் விட்டு 0 போட்டு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். விளம்பர அழைப்புகள் எல்லாவற்றையும் தடுக்கும் பதிவு அது. வங்கியின் ஓ.டி.பி. போன்றவை வழக்கம்போல வரும், பயப்பட வேண்டாம். விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்துதான் வர வேண்டும் என்பது விதி. சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வந்தால் அதுவே மீறல். ஏழு நாளுக்குள், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் டி.என்.டி. செயலியிலோ 1909-இலோ புகார் செய்யலாம். இரண்டு வாரம் விடாமல் செய்தால் எண்ணிக்கை குறையும், முழுவதும் நிற்காது. ஏனென்றால் பட்டியல் ஏற்கெனவே பல கை மாறியிருக்கும்.

இதற்கான சட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடிப்படை உரிமை என்பது முதன்மையாக அரசுக்கு எதிராக நிற்கும் கவசம். தனியார் பள்ளி, கல்லூரி, கடன் நிறுவனம் இவர்களைக் கட்டிப்போடத் தனிச் சட்டம் வேண்டும். அதற்காக வந்ததுதான் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆனால் நிறுவனங்களின் கடமைகளைச் சொல்லும் முக்கியப் பகுதி 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகிறது. வந்தபின், பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை, தகவலைப் பாதுகாப்பாக வைக்காமல் கசியவிட்டால் 250 கோடி வரை அபராதம் விதிக்கலாம். சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் கேட்டு வாங்கலாம். விளவங்கோடு பக்கம் மலையாளம் பேசும் வீடுகள் மலையாளத்தில் கேட்கலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, கொடுப்பதைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. அபராதம் முழுக்க அரசின் கருவூலத்துக்குப் போகிறது, தகவலைப் பறிகொடுத்தவருக்கு ஒரு காசும் இல்லை. இப்போதுள்ள தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, கடவுச்சொல், வங்கி விவரம், உடல்நலம், விரல் ரேகை போன்ற அந்தரங்கத் தகவல்களை அலட்சியத்தால் கசியவிட்ட நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க வழி வைத்திருக்கிறது. மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் முன்பு 5 கோடி வரை கேட்கலாம். புதிய சட்டம் முழுதாக வரும் நாளில் அந்தப் பிரிவு போய்விடும். அரசுக்குக் கொடுத்திருக்கும் விலக்குகளும் அளவுக்கு மீறியவை. உரிமை என்று சொல்லிவிட்டு, பறிகொடுத்தவரைக் கையைக் கட்டி நிற்கவைப்பது சரியில்லை.

இன்றைக்கே உங்களுக்கு உதவுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவு. ஒப்பந்தத்தின் பேரில் ஒரு சேவை தரும்போது கைக்கு வந்த தனிப்பட்ட தகவலை, ஆதாயத்துக்காகவோ கெடுதல் செய்யவோ, சம்மதம் இல்லாமல் வெளியே கொடுத்தால் 25 லட்சம் ரூபாய் வரை அபராதம். கட்டணம் வாங்கிப் பாடம் சொல்லித்தரும் இடம் பட்டியலை விற்றது என்று ஆதாரம் கிடைத்தால் இதை வைத்துப் புகார் கொடுக்கலாம். அந்த நோட்டு அதற்குத்தான்.

கொழுந்தன் விஷயம். அவர் கடனுக்கு நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை என்றால் உங்களுக்கு ஒரு பைசா பொறுப்பும் இல்லை. உங்களுக்கு அழைப்பு வந்தது எப்படி? செயலியை நிறுவும்போது 'தொடர்புகளைப் பார்க்க அனுமதி' என்று கேட்டிருக்கும், அவர் ஆமாம் என்று அழுத்தியிருப்பார். அந்த ஒரு தொடுகையில் உங்கள் எண், அவர் பிள்ளையின் டீச்சர் எண், பங்குத் தந்தையின் எண், மீன் வியாபாரியின் எண் எல்லாம் ஒரே நொடியில் போய்விட்டன. "எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை" என்று அவர் சொல்லலாம். ஆனால் அவர் போனில் இருப்பது அவருடைய தகவல் மட்டும் இல்லையே. வீட்டில் இதைச் சண்டையாக இல்லாமல் பொறுமையாகப் பேசுங்கள், அவரும் பாதிக்கப்பட்டவர்தான்.

ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி போட்டுவிட்டது. கடன் செயலி, போனில் உள்ள தொடர்புகளையோ படங்களையோ அழைப்புப் பதிவுகளையோ தொடக் கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை ஆளை உறுதிசெய்ய ஒருமுறை மட்டும், சம்மதத்தோடு பயன்படுத்தலாம். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. கடன் வாங்கியவரின் குடும்பத்தார், நண்பர்களின் தனிமையில் தலையிடக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது. அடுத்தமுறை அழைத்தால், "நான் ஜாமீன் இல்லை, என் எண்ணை நீக்குங்கள், உங்கள் பெயரும் நிறுவனமும் சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லி, அழைப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கொழுந்தன் செய்ய வேண்டியதில் வரிசை முக்கியம். முதலில் செயலியின் திரைகளை, கடன் ஒப்பந்தத்தை, கட்டிய தவணைகளைப் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். பலர் ஆத்திரத்தில் செயலியை நீக்கிவிட்டுப் பிறகு ஆதாரம் இல்லாமல் தவிக்கிறார்கள். பின்னர் போன் செட்டிங்ஸில் அந்தச் செயலியின் அனுமதிகளைத் திறந்து தொடர்புகள், படங்கள், எஸ்.எம்.எஸ். எல்லாவற்றையும் மூட வேண்டும். ஏற்கெனவே எடுத்துக்கொண்டது இதனால் அழியாது. செயலியை நீக்கினாலும் அழியாது. அதற்கு அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு, சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், தொடர்புகளை அழித்து எழுத்தில் உறுதி தாருங்கள் என்று மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். கடன் கொடுத்தது ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனமா என்பதை, ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வெளியிட்டிருக்கும் டிஜிட்டல் கடன் செயலிகளின் பட்டியலில் பார்க்கலாம். பதிவானதாக இருந்து 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். பட்டியலிலேயே இல்லாத செயலி என்றால் நேரே சைபர் கிரைம் புகார்தான். படத்தை வெட்டி ஒட்டி மிரட்டினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

அடுத்து ஆதார் நகல்கள். கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது, அவற்றால் ஏதாவது நடந்திருக்கிறதா என்று பார்க்க முடியும். மூன்று இடங்களில் பாருங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணையும் ஓ.டி.பி.யையும் போட்டால், உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று காட்டும். தெரியாத எண் இருந்தால் 'இது என் எண் இல்லை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது, மை ஆதார் தளத்தில் அங்கீகார வரலாறு. கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதாரை எங்கே, எப்போது, ரேகையாலா ஓ.டி.பி.யாலா சரிபார்த்தார்கள் என்று தேதியோடு வரும். மூன்றாவது, கடன் வரலாறு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் வாங்காத கடன் அதில் இருந்தால் எழுத்தில் மறுப்புச் சொல்லுங்கள். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

நம் ஊரில் குழுக் கடன் வாங்கும் பெண்கள் இந்த மூன்றாவதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேரின் ஆதார் நகல், புகைப்படம், கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவம் ஆகியவை ஒரே பையில் தலைவி வீட்டில் கிடக்கின்றன. தலைவி நல்லவராக இருந்தாலும் அந்தப் பை நல்ல பை இல்லை. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனிக் கொடுக்கும் நகல்களுக்கு: மை ஆதார் தளத்தில் மின் ஆதாரைத் தரவிறக்கும்போது மறைக்கப்பட்ட ஆதார் என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். முதல் எட்டு எண்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். கன்னியாகுமரி லாட்ஜில் அறை எடுக்க வரும் உறவினர் முதல் கூரியர் ஆபீஸ் வரை பெரும்பாலான இடங்களுக்கு அது போதும். எண் கட்டாயம் தேவைப்படும் இடத்தில், ஆதார் எண்ணுக்குப் பதிலாக நிற்கும் 16 இலக்க மெய்நிகர் எண்ணைக் கொடுக்கலாம். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், பழையது செல்லாமல் போகும். காகித நகல்தான் வேண்டும் என்றால் அதன் மேல் பேனாவால், 'இன்ன வங்கிக் கிளையில் நகைக்கடனுக்கு மட்டும்' என்று எழுதித் தேதியும் கையெழுத்தும் போடுங்கள். எழுத்து ஓரத்தில் இருந்தால் தாளை மடக்கி மறுபடி நகல் எடுத்துவிடுவார்கள். படத்தின் விளிம்பையும் பெயரையும் தொட்டுக் குறுக்காகப் போக வேண்டும். படித்தறிய முடியாதபடி கிறுக்கவும் வேண்டாம், கவுண்டரில் திருப்பிவிடுவார்கள்.

ஜெராக்ஸ் கடையில் நடப்பதை யாரும் கவனிப்பதில்லை. கடைக்காரரின் வாட்ஸப்புக்கு ஆதாரை அனுப்பிப் பிரிண்ட் எடுக்கிறோம். வீட்டுக்கு வந்து 'எல்லோருக்கும் நீக்கு' என்று அழுத்திவிட்டுத் திருப்தி அடைகிறோம். கடைக் கம்ப்யூட்டரில் அது டவுன்லோட்ஸ் போல்டரில் இறங்கி அங்கேயே இருக்கும், வாட்ஸப்பில் நீக்கியது அதைத் தொடாது. ஆகவே மின் ஆதாரைக் கடவுச்சொல்லோடு உள்ள பி.டி.எஃப். ஆகவே அனுப்புங்கள், திறக்கும்போது கடவுச்சொல்லை நீங்களே தட்டுங்கள். உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான் கடவுச்சொல் என்பதால் அது பெரிய பூட்டு இல்லை. அதனால் அச்சு வந்ததும் கோப்பை அழிக்கச் சொல்லி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யும்வரை அங்கேயே நில்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல கடைக்காரர்கள் தாங்களாகவே செய்கிறார்கள்.

விரல் ரேகையைப் பூட்டுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கிலிருந்து, ஆதார் எண்ணும் வங்கிப் பெயரும் ரேகையும் இருந்தால் சிறு வங்கிச் சேவை மையங்களில் பணம் எடுக்கலாம், ஓ.டி.பி. தேவையில்லை. பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை நகலெடுத்து இப்படிப் பணம் திருடிய வழக்குகள் சில மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. கடவுச்சொல் போனால் மாற்றலாம், ரேகை போனால் மாற்று விரல் கிடையாது. மை ஆதார் தளத்தில் பயோமெட்ரிக் பூட்டு என்று இருக்கிறது, பதிவு எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. போதும். பூட்டிய பிறகு ரேஷன் கடையில் விரல் வைத்தால் ஏற்காது. கடைக்குப் போகும் நாளில் தற்காலிகமாகத் திறந்துவிட்டுப் போங்கள். இதை மறந்துவிட்டு மூட்டையோடு போனவர்கள் வெறுங்கையாகத் திரும்புகிறார்கள். போனில் ஓ.டி.பி. பார்க்கத் தெரியாத முதியவர்களுக்குப் பூட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். முந்திரி ஆலையில் தோட்டு எண்ணெய் பட்டு ரேகையே தேய்ந்துபோன பெண்களின் கதை வேறு. அங்கே எந்திரம் ஆளை அடையாளம் காணாமல் போகிறது. ரேகை விழவில்லை என்பதற்காக உரியவருக்கு உதவியை மறுக்கக் கூடாது என்பதை 2018 ஆதார் தீர்ப்பிலும் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

சின்ன விஷயங்கள் சில. ஜவுளிக்கடையில் பில் போட மொபைல் எண் கட்டாயம் இல்லை. எண் தராததால் பொருள் தர மறுக்கக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023-இல் அறிவுறுத்தியிருக்கிறது. கல்லூரிகளுக்கு மின்னஞ்சல் கொடுக்கும்போது, மகளின் ஜிமெயில் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறியும் அந்தக் கல்லூரியின் சுருக்கப் பெயரும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மடல் வழக்கம்போல வந்து சேரும், பின்னால் வேறொருவர் அந்த முகவரிக்கு எழுதினால் யார் கொடுத்தது என்று தெரிந்துவிடும். வரன் பார்க்கும் வாட்ஸப் குழுக்களில் பெண்பிள்ளைகளின் பிறந்த தேதி, குடியிருக்கும் விளையின் பெயர், அப்பாவின் சம்பளம் என்று போடுவதை எப்படியாவது நிறுத்த வேண்டும். படமும் ஊர் பேரும் வயதும் போதும், மற்றவை பேச்சு முன்னேறியபின் நேரில் சொல்லலாம்.

பணம் போய்விட்டால் மட்டும் வரிசை வேறு. முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930, அதே மூச்சில் வங்கி. 1930-க்கு உடனே சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ ஓட்டையால் போன பணம் என்றால், வங்கியிலிருந்து செய்தி வந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களுடையது இல்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால், வங்கியிடம் தெரிவிக்கும் நேரம் வரை போனது உங்கள் இழப்பு. அதனால்தான் நிமிடக் கணக்கு. பணம் போகாத புகார்களைத் தேசிய சைபர் கிரைம் தளத்தில் பதியலாம், அல்லது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் கொடுக்கலாம். உள்ளூர் நிலையத்தில் வாங்க மறுத்தால், புகாரைக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. செய்திகளை அழிக்காமல், போனையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இந்த வாரம் பள்ளிக்குக் கடிதம், 1909 பதிவு, சஞ்சார் சாத்தி. அடுத்த வாரம் கடன் அறிக்கை, ரேகைப் பூட்டு. கடிதத்தில் உங்கள் கையெழுத்துக்குக் கீழே மகளின் கையெழுத்தையும் வாங்குங்கள். மற்ற வேலைகளையும் அவளைப் பக்கத்தில் வைத்து, அவள் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். நாலு மாதத்தில் அவளுக்குப் பதினெட்டு. அதன்பின் சம்மதம் கொடுப்பதும் மறுப்பதும் அவள் பொறுப்பு. கல்லூரிச் சேர்க்கையில் முதல் நாளே முப்பது தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டுவிட்டுப் போட அவளுக்குப் பழக்கம் வந்திருக்க வேண்டும்.